இடப்பக்கத்துப் பிரேக்

"என்னத்தைச் சொல்லிக்கொடுத்தீங்க டீச்சர்?"

நனைந்த சட்டையோடு தாசையன் வாசலில் நின்று கத்தினார்.

ரோஸ்லெட் டீச்சர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், வாரத்துக்கு ஒரு அப்பனாவது இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"என்ன ஆச்சு?"

"வியாழக்கிழமை மழையில எம் மக வண்டியை வழுக்கவிட்டு மைல்கல்லுல இடிச்சிட்டா. பின் சீட்டுல அவ அம்மா படுத்திருந்தா."

அவருக்குப் பின்னால் மகள் அபிஷா தலைகுனிந்து நின்றாள். பதினெட்டு வயது. லைசென்ஸ் கிடைத்து இரண்டு மாதம்.

"மழை விட்டப்புறம் ஓட்டட்டுமே."

"வாரம் மூணு நாள் அவ அம்மைக்கு டயாலிசிஸ். மழைன்னா கிட்னி லீவு விடுமா? எனக்குக் கண்ணுல புரை. இவளை விட்டா ஓட்ட நாதியில்ல." தாசையன் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அலையுறேன் டீச்சர். முடியல. இவளுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் செத்தேன்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். குடையை எடுத்தார்.

"ஏறுங்க."

டிரைவிங் ஸ்கூல் காரில் அபிஷாவை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். பக்கத்தில், தான் வழக்கமாக உட்காரும் இடத்தில், தாசையனை. தான் பின்னால் ஏறிக்கொண்டார்.

"உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. பயம் வந்தா மிதிங்க."

பக்கத்திலிருந்த சர்ச் மைதானத்தில் ஈ காக்கை இல்லை. செம்மண் சேறாகிக் கிடந்தது.

"அந்தக் கோல் கம்பம் வரைக்கும் போ மக்களே. நிறுத்து," என்றார் டீச்சர் அபிஷாவிடம்.

அபிஷா மெல்ல எடுத்தாள். பாதி தூரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வேகம் தானாகக் குறைந்துகொண்டு வந்தது.

தாசையனுக்குக் கம்பம் மட்டும்தான் தெரிந்தது. ஓங்கி ஒரு மிதி.

சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. சேற்றில் பக்கவாட்டாக இழுத்துக்கொண்டு போனது.

"ஐயோ, கர்த்தாவே!"

"காலை எடுங்க."

எடுத்தார். அபிஷா ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி, வண்டியை நேராக்கி நிறுத்தினாள். கம்பத்துக்கு இரண்டடிதான் பாக்கி.

"இன்னொரு தடவை," என்றார் டீச்சர்.

இரண்டாம் தடவையும் அதே கூத்து.

மூன்றாம் தடவை தாசையன் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். வண்டி கம்பத்துக்குப் பத்தடி முன்னால் பேசாமல் நின்றது.

தாசையன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

"அம்புட்டுத்தானா! எங்க வண்டியில இந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. தப்பிச்சோம்."

டீச்சர் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை எதுக்குப் பிரேக் பிடிச்சே மக்களே?"

அபிஷா அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றார் டீச்சர்.

"'பிடி, பிடி'ன்னு அப்பா கத்துனாரு. பிடிச்சேன்."

வைப்பர் அங்குமிங்கும் போய்வந்தது. தாசையன் சீட்டின்மேல் வைத்திருந்த கால்களை மெல்லக் கீழே இறக்கினார்.

"நாளைக்கும் ஆஸ்பத்திரி போகணும் டீச்சர். நான் என்ன செய்யட்டும்?"

டீச்சர் கைப்பையைத் துழாவி நாலைந்து புளிப்பு மிட்டாயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒவ்வொண்ணா வாயில அடக்கிக்கோங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் கடிக்கப்படாது."