சாமிக் கல்லைச் செங்காயி உடைத்த கதை

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, உலையில் எழும் ஆவிக்கும் வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு மலையடியில் உலகனும் அவன் மனைவி செங்காயியும் உலை வைத்து இரும்பெடுத்தார்கள். மலை அவர்களுக்குச் சாமி. அதனால் மலையின் இரும்புக்கல்லை உடைக்க மாட்டார்கள். பூசணிக்காய் அளவுக் கல்லையும் முழுசாகவே உலையில் இறக்குவார்கள். பகல் முழுக்கத் துருத்தி மிதித்தாலும் கிடைப்பது மேல்தோல் அளவு இரும்புதான். உள்ளே கல் கல்லாகவே இருக்கும்.

அந்த வருடம் மழை பெய்துவிட்டது. கலப்பையின் மரக்கொழு மண்ணில் இறங்காமல் முறிந்தது. ஈரம் காய்வதற்குள் இரும்புக் கொழு வேண்டும். இல்லையென்றால் விதைப்பு இல்லை, பிள்ளைகளுக்குச் சோறும் இல்லை. கரியோ இன்னும் ஓர் உலைக்குத்தான் இருந்தது.

செங்காயிக்குப் பொறுக்கவில்லை. தணிந்துகொண்டிருந்த உலையின் பக்கம் குனிந்து, எரியும் கரியிலிருந்து எழுந்த கரியாவியைக் கேட்டாள்.

"ஏன் இப்படிப் பாதியில உட்டுட்டுப் போற?"

"நானா உட்டேன்?" என்றது கரியாவி. "கல்லுக்குள்ள காத்து ஒளிஞ்சிருக்கு. அதைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா மிச்சம் இருக்கறது இரும்பு. மேல இருக்கறத நிமிசத்துல எடுத்துருவேன் தாயி. அப்புறம் அந்த இரும்பே கதவு மாதிரி மூடிக்குது. இண்டு இடுக்குல நான் நுழையறதுக்குள்ள உங்க கரி தீந்துருது."

கையில்லை, காலில்லை, கண்ணுக்கும் தெரியாது. கல்லுக்குள் புகுந்து காற்றை மட்டும் பிரித்தெடுக்கிறதே, அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது. அதற்கு வழிவிடாமல் இருந்தது மனிதர்கள்தான்.

செங்காயி சம்மட்டியை எடுத்தாள். உலகன் பதறிப்போய்க் குறுக்கே நின்றான்.

"சாமிய உடைச்சா குடும்பம் வெளங்குமா?"

"வெதைக்காம உட்டா மட்டும் வெளங்குமா?" என்றவள், கல்லைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றாள்.

"மலையில இருந்தவரைக்கும் சாமிதான். உலைக்கு வந்தப்புறம் என்ன சாமி? தயங்காம அடி, ஆத்தா" என்றது கல்.

உலகன் விலகினான். அவள் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு ஓங்கி அடித்தாள். நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக்கிக் கரியோடு அடுக்கினார்கள். கரியாவி ஒவ்வொரு துண்டையும் சுற்றி வந்து உள்ளே புகுந்தது. பொழுது சாய்வதற்குள் உலையின் அடியில் நல்ல இரும்பு திரண்டு கிடந்தது. மறுநாள் உலகன் அதைக் கொழுவாக அடித்துக் கலப்பையில் மாட்டினான். மண்ணில் ஈரம் இருந்தது. உழுதார்கள், விதைத்தார்கள்.

அன்று முதல்தான் அந்த மலையடியில் உலை வைக்கும் வீடுகளில் முதல் கல்லை வீட்டுப் பெண் தொட்டுக் கும்பிட்டு உடைக்கிறாள். அவள் உடைத்து முடிக்கும்வரை ஆண்கள் யாரும் துருத்தியில் கால் வைப்பதில்லை.