கை விறைக்கும் தண்ணீர்

“பதினோரு நாளாச்சு. ஒரு தடவைகூட தூண்டில் வீச விடலியேம்மா” என்றார் சந்தியாகு.

ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது. அவருக்கு டிரவுட் மீன் பிடிக்கச் சொல்லித் தரும் கிரிஜாவுக்கு முப்பத்திரண்டு. நீலகிரியில் அந்த ஓடையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. பிடிவாதத்திலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். தினமும் ஓடையில் கையை விட்டு நூறு எண்ணுவாள். கை விறைத்தால் தூண்டில் உண்டு. விறைக்காவிட்டால் இல்லை. கோடையில் தண்ணீர் குளிர்ச்சி இழந்தால் டிரவுட்டுக்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் கொக்கியில் மாட்டிப் போராடிய மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைக்காது.

அந்த மே மாதம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு நாளும் கை விறைக்கவில்லை.

வேறு என்ன செய்வது? இருவரும் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பார்த்தார்கள். தண்ணீருக்கடியில் ஊர்ந்துகொண்டிருப்பது எந்த நேரத்தில் மேலே வந்து இறகு விரிக்கும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பார்த்து, கோழி இறகையும் நூலையும் வைத்து அவர் ஒரு கொக்கியில் பொய்ப்பூச்சி கட்டினார். பாவம், ஆறு தடவை பிரித்துக் கட்டினார்.

திங்கட்கிழமை அவருக்கு வலது தோளில் ஆபரேஷன். அதற்குப் பிறகு தூண்டில் வீசுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு மீனாவது தன் பூச்சியை நிஜமென்று நம்ப வேண்டும். மனுஷனுக்கு அவ்வளவுதான் ஆசை.

ஞாயிறு சாயங்காலம் பூச்சிகள் எழும்பின. ஓடை முழுக்கச் சின்னச் சின்ன இறகுகள். மீன்கள் மேலே வந்து கவ்வத் தொடங்கின. அவர் கட்டியிருந்ததும் அச்சு அசல் அதே பூச்சிதான்.

கிரிஜா தண்ணீரில் கையை விட்டாள். எண்ணி முடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“விறைச்சிடுச்சு சார். போடுங்க.”

சந்தியாகு உடனே தூண்டிலை எடுக்கவில்லை. குனிந்து தன் கையைத் தண்ணீரில் விட்டார். அவசரமில்லாமல் நூறு எண்ணினார்.

பிறகு அவளிடம் ஒரு குறடு வாங்கி, கொக்கியின் முனையை ஒடித்துப் போட்டார். மாட்டுவதற்கு எதுவும் இல்லாத அந்தப் பூச்சியை வீசினார்.

ஒரு மீன் வந்தது. கவ்வியது. நூல் ஒரு நொடி இறுகியது. துப்பிவிட்டு அது தன் வழியே போயிற்று.

“நம்பிடுச்சு” என்றார். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

தூண்டிலைப் புல்லில் வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

“கையைக் குடும்மா. விறைச்சுப் போச்சுன்னியே, தேய்ச்சு விடறேன்.”

கிரிஜா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.