பாறையை விட்டு இறங்காத முயல்

கிட்டே வாருங்கள் பிள்ளைகளே, இன்னும் கிட்டே. காற்று வேறு வீசுகிறது, தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை அதோடு போய்விடும்.

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. வேறு தண்ணீர் கிடையாது. மிருகங்கள் முட்டி மோதிக்கொள்ளாமல் இருக்க, முயலைக் கரையோரப் பாறைமேல் உட்காரவைத்து முறை சொல்லச் சொன்னார்கள். "யானைகள் இறங்கலாம்! மான்கள் கொஞ்சம் பொறுங்கள்!" முயல் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அதற்கு முன்னால் அந்த முயல் எப்படி இருந்தது தெரியுமா? விடிந்ததும் விடியாததுமாகக் கவுதாரியோடு பந்தயம் ஓடும். பனியில் நனைந்த புல்லில், இலந்தைப் புதரைச் சுற்றி, முயல் வளை வாசல் வரைக்கும். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு இலந்தைப் பழம் தரவேண்டும். அந்தப் பழத்தின் ருசி பிறகு எதற்குமே வரவில்லை என்று கவுதாரி சொல்லிச் சொல்லி ஏங்கும்.

இப்போது கவுதாரி வந்து கூப்பிட்டபோது, "நான் இறங்கினால் குளம் என்ன ஆவது அக்கா? நாளைக்குப் பார்ப்போம்" என்றது முயல்.

"நேற்றும் இதையேதான் சொன்னாய். உட்கார்ந்து உட்கார்ந்து நீயே ஒரு பாறையாகிவிட்டாய், தம்பி!"

அதைக் கேட்டு நரி குழைந்து வந்தது. "ஐயா பாறையை விட்டு இறங்கலாமா? நீங்கள் இல்லாவிட்டால் காடே கெட்டுப்போகும்!"

தினமும் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தது. உட்கார மெத்தென்று புல் பரப்பியது. முயலுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒரு மத்தியானம், எல்லாரும் குடித்துவிட்டுப் போனபின் நரி வந்தது.

"என்ன, இன்றைக்கு வெறும் வாயோடு வந்திருக்கிறாய்? சாப்பாடு எங்கே?" என்று கேட்டது முயல்.

"இதோ, பாறைமேல் உட்கார்ந்திருக்கிறதே!" என்று பாய்ந்தது நரி.

முயல் உருண்டு விழுந்து ஓடியது. மூச்சு வாங்கியது. எப்படியோ வளைக்குள் தலையை நுழைத்துவிட்டது. ஐயோ பாவம், வயிறு நுழையவில்லை! பின்னங்கால் இரண்டும் வெளியே உதைத்துக்கொண்டு கிடந்தன.

நரி சப்புக்கொட்டியது. அப்போது தொப்பென்று பக்கத்தில் விழுந்தது கவுதாரி. "ஐயோ, என் சிறகு ஒடிந்ததே!" என்று ஒரு சிறகைத் தரையில் இழுத்தது.

"இந்தக் குண்டன் எங்கே போய்விடப் போகிறான்? முதலில் அதைப் பிடிப்போம்" என்று நரி திரும்பியது.

கவுதாரி நொண்டி நொண்டிப் பழைய பந்தயப் பாதையிலேயே போனது. நரி எட்டிக் கவ்வப்போன நேரம், இலந்தைப் புதருக்குள் புகுந்து மறுபக்கம் பறந்தது. வந்த வேகத்தில் நரி முள்ளில் மாட்டியது. தோலைப் பிய்த்துக்கொண்டு ஓடியது ஓடியதுதான், பிறகு அந்தப் பக்கமே காணோம்.

கவுதாரி திரும்பி வந்து, மண்ணைக் கிளறி முயலை விடுவித்தது.

"நாளை விடியலில் ஓட வருவாயா?"

"வருகிறேன் அக்கா. ஆனால் குளத்து வேலை..."

"யானை வெயில் ஏறித்தானே வரும்? அதற்குள் திரும்பிவிடலாம்."

"சரி, சரி" என்று முயல் தலையாட்டியது. கண் மட்டும் பாறைப் பக்கமே போனது.

கவுதாரிக்கா தெரியாது? முந்திக்கொண்டு பறந்துபோய் அந்தப் புல்மெத்தை நிறைய நெருஞ்சிமுள்ளைப் போட்டது. பிறகு ஒரு இலந்தைப் பழத்தைக் கவ்வி வந்து வளை வாசலில் வைத்தது.

நீதி: வேலை எவ்வளவு பெரிதானாலும், அதைச் செய்கிற உடம்புக்குத் தினமும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும்.