சுற்றி வந்த டீ

வளைகுடாவின் பாலைவன நகரமொன்றில் ரோட்டை அகலப்படுத்தி, இருபுறமும் ஆளுயரச் சுவர் எழுப்பினார் தலைமை இன்ஜினியர் கோதண்டபாணி. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் தண்ணீருக்குப் போகும் மான்கள் என்ன செய்யும் என்று கேட்டார், டீ கொண்டுவரும் கமாலுதீன்.

“சுத்திப் போகட்டும், கால் இருக்குல்ல? நீ டீயை மட்டும் பாரு!”

கமாலுதீன் விடவில்லை. சமையற்கூடமும் எதிர்ப்பக்கம்தான், இன்ஜினியரின் ஆபீஸ் இந்தப் பக்கம். சுவர் முடிந்த நாளிலிருந்து, ஏறிக் குதிக்காமல் சுற்றியே வந்தார். தினமும் ஆறிப்போன டீ. மேலதிகாரிகள் வந்த அன்றும் அதேதான்.

“என்னய்யா இது?” இன்ஜினியர் கத்தினார்.

“சுவர் இருக்கே சார். சுத்தித்தான் வரணும்.”

“ரோட்டுக்கடியில ஒரு பாதை விட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே!” இன்ஜினியர் அலுத்துக்கொண்டார்.

“அதைத்தான் சார் மானும் கேட்குது.”

மேலதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். ரோட்டின் அகலம் குறையவில்லை, அடியில் பாதை வந்தது. அதில் முதலில் போனது மான். பின்னாலேயே வந்தது, ஆவி பறக்க, டீ.