உப்புத் தொட்டியில் நல்ல தண்ணீர்

அடர்ந்த உப்புநீரில் யாரும் மூழ்க முடியாது என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு முட்டையை மிதக்கவிட்டுக் காட்டி, குழந்தைகளையும் நம்ப வைத்துவிட்டார்கள். இது பிழை. பெரும் பிழை. இத்தனை காலமாக யாரும் இதைத் திருத்த முன்வராதது வருந்தத்தக்கது. பக்கத்தில் இன்னொரு முட்டையையும் மிதக்கவிட்டு, தன்னைவிட அது நன்றாக மிதக்கிறதா என்று முதல் முட்டை எட்டிப் பார்க்கும்படி செய்திருந்தால், சோதனையின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

அறவாழியின் விஷயத்தில் வேறாகத்தான் இருந்தது.

கடலோரத்தில், உப்பளங்கள் முடியும் இடத்தில், ஒரு குரு இருந்தார். ஊர்க்காரர்கள் அவரை உப்புச் சாமி என்பார்கள். ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆசிரமம் அவ்வளவுதான். தொட்டி நிறைய, உப்பு படியும் பதத்துக்கு வந்த தண்ணீர். இடுப்பளவு ஆழம். மூன்று பேர் அக்கம்பக்கமாகப் படுக்கலாம்.

முதுகு பிடித்துக்கொண்டவர்கள், முழங்கால் வீங்கியவர்கள், தூக்கத்தைத் தொலைத்தவர்கள் வருவார்கள். தண்ணீரில் மல்லாந்து படுப்பார்கள். எழுந்து போகும்போது வந்தபோது பேசியதில் பாதிதான் பேசுவார்கள்.

அங்கே ஒரே ஒரு வழக்கம் உண்டு. யார் படுத்தாலும், தொட்டி விளிம்பில் ஒருவர் நல்ல தண்ணீர்ச் செம்புடன் உட்கார்ந்திருக்க வேண்டும். உப்புநீர் கண்ணில் பட்டால் நெருப்பு. பட்டவன் உடனே கையால் கசக்குவான். கையிலும் உப்பு. அதனால் அவன் "கண்ணு!" என்று கத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், விளிம்பில் இருப்பவர் ஊற்றுவார். அதற்குக் காவல் என்று பெயர். நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் கிடையாது. ஊருக்குள் போய்க் கொண்டுவந்து நீல டிரம்களில் நிரப்பி வைப்பார்கள்.

அறவாழிதான் தலைமைச் சீடர். அதற்கு முன்னால் நகரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில், நின்றுகொண்டே வாழ்ந்தவர். முதலில் முதுகு போயிற்று. பிறகு தூக்கம் போயிற்று. தூக்கத்தைத் தேடித்தான் குருவிடம் வந்தார். வந்தவர் தங்கிவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது அவர் வேலை.

"உடம்போட பாரத்தைத் தண்ணி வாங்கிக்கும். முதுகெலும்புக்கு அன்னிக்குத்தான் லீவு. மூச்சு நிதானப்படும். நாடி இறங்கும். இறுக்கிப் பிடிச்ச தசையெல்லாம் ஒண்ணொண்ணா விட்டுக்கொடுக்கும். வீட்டுக்குப் போனா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்."

அவர் சொல்லும் விதத்தில், கேட்டவர்களுக்குப் பாதி வலி அங்கேயே குறையும். இதில் ஒன்றும்கூட அவருக்கு நடந்ததில்லை. அவர் படுப்பார். உடம்பு மிதக்கும். முகம் மட்டும் எப்படியோ தண்ணீருக்குள் போய்விடும். "கண்ணு!" என்பார்.

இந்த நிலையில்தான் காத்தமுத்து வந்தான்.

காத்தமுத்து லாரி டிரைவர். உப்பு ஏற்ற வந்தவன். மூட்டை ஏறி முடிக்கும்வரை பொழுது போகாமல் ஆசிரமத்துப் பக்கம் நடந்து வந்தான். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. யாரைப் பார்க்க வேண்டுமானாலும் முழு உடம்பையும் திருப்பினான்.

"கழுத்துக்கு என்ன?" என்றார் குரு.

"புடிச்சுக்கிச்சு சாமி. வலது பக்கம் வர்ற வண்டியெல்லாம் கடவுள் பாத்துக்கிறாரு."

"இறங்கு."

அறவாழி குறுக்கிட்டார். "ஏம்பா, சாப்பிட்டியா?"

"பரோட்டாண்ணே. நாலு."

"சாமி, வயிறு காலியா இருக்கணும். முதல்ல குளிச்சிருக்கணும். மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கணும்."

காத்தமுத்து அதற்குள் இறங்கி மல்லாந்துவிட்டான். சற்று நேரத்தில் தொட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உப்புநீர் இறைக்கும் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து அறவாழி கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மோட்டார் ஓடவில்லை.

அது குறட்டை.

அவர் திரும்பி வந்தபோது குரு செம்புடன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காவல் அறவாழியின் வேலை. குரு யாருக்கும் காவல் இருந்ததில்லை.

காத்தமுத்து எழுந்து கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், சிரித்தான். போய்விட்டான்.

"சாமி," என்றார் அறவாழி. "அவனுக்கு எப்படி?"

"எது?"

"நான் இங்கேயே கிடக்கேன். தொட்டியைத் தேய்க்கிறேன். வர்றவங்களுக்கு விளக்கம் சொல்றேன். எனக்கு வராதது அவனுக்குப் பரோட்டாவோட எப்படி வந்துது?"

"படு," என்றார் குரு.

அறவாழி தொட்டியில் படுத்தார். குரு இறங்கி, அவர் தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார்.

"தலையைக் குடு."

"குடுத்துட்டேன் சாமி."

"எனக்குக் கனமே தெரியலையே."

"உப்புத் தண்ணி, சாமி. கனம் தெரியாது."

"மத்தவங்க தலை தெரியுதே. உன் தலையை இன்னும் நீதான் பிடிச்சுட்டிருக்கே."

அறவாழி தலையைக் கொடுக்க மிகவும் முயன்றார். முயற்சியில் கழுத்து நரம்பு கயிறுபோல் எழுந்தது.

"அவன் தலை எவ்வளவு கனம் சாமி?" என்றார்.

குரு கையை எடுத்துக்கொண்டு கரையேறினார்.

அதன் பிறகு காத்தமுத்து ஒவ்வொரு உப்பு லோடுக்கும் வந்தான். வந்தால் படுப்பான். படுத்தால் தூங்குவான். குரு செம்புடன் உட்கார்ந்திருப்பார். குறட்டை உச்சத்துக்குப் போகும்போது குருவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அறவாழி முன்பு பார்த்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பொறாமையை உலகம் வயிற்றெரிச்சல் என்று அழைக்கிறது. அறவாழிக்கு எரிந்தது வயிறு மட்டுமல்ல. படுத்தால் பாய் எரிந்தது. முன்பு அவர் முதுகுவலியால் தூங்கவில்லை. இப்போது, ஒருவன் எங்கோ லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதால் தூங்கவில்லை.

விளக்கமும் மாறிற்று. "சில பேருக்கு உடனே தூக்கம் வந்துடும்," என்று வந்தவர்களிடம் சொன்னார். "அது தியானம் இல்லை. அது வெறும் தூக்கம்."

"அதுக்குத்தாங்க வந்திருக்கோம்," என்றாள் முழங்கால் வலிக்காரி ஒருத்தி.

ஒருநாள் விடிந்ததும் அறவாழிக்கு ஒரு யோசனை வந்தது. மிதக்க வைப்பது உப்பு. உப்புச் செறிவு குறைந்தால் மிதப்பு குறையும். அன்று காத்தமுத்துவின் லோடு நாள். அவன் ஒரு தடவை, குரு பார்க்க, மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டு எழுந்தால் போதும். இடுப்பளவு ஆழத்தில் உயிருக்கு ஆபத்தில்லை. பெயருக்கு மட்டும்தான் ஆபத்து.

அவர் நீல டிரம்மைத் திறந்து, நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார். சத்தம் கேட்கக் கூடாதென்று விளிம்பில் சாய்த்து மெல்ல ஊற்றினார். டிரம்கள் காலியாயின. காவல் செம்பில் இருந்ததையும் கடைசியாகச் சாய்த்தார். குரு கொட்டகை வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

உப்பளத்தில் வளர்ந்த எவருக்கும் ஒன்று தெரியும். அடர்ந்த உப்புநீரின்மேல் மழை பெய்தால் அது உடனே கலந்துவிடாது. எடை குறைந்தது, அதனால் விரித்த துணி மாதிரி மேலேயே கிடக்கும். அறவாழி ஜவுளிக்கடையில் வளர்ந்தவர். அவருக்குத் துணியைத்தான் தெரியும்.

காத்தமுத்து வந்தான். சட்டையைக் கழற்றினான். இறங்கினான். மல்லாந்தான்.

அறவாழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆகா," என்றான் காத்தமுத்து.

"என்ன?" என்றார் குரு.

"சாமி, இன்னிக்கு என்ன பண்ணுனீங்க? மேலாப்புல நல்ல தண்ணி கிடக்கு சாமி! உதட்டுல பட்டா உப்புக் கரிக்கலை. கண்ணு ஓரம் எரியலை. தண்ணியா இது, மோரு!"

அவன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி நனைத்துக்கொண்டான். அதுவரை அவனுக்கு இருந்த ஒரே பயம் கண்ணெரிச்சல். அதுவும் போயிற்று. முன்னைவிட வேகமாகத் தூங்கினான். குறட்டையும் ஒரு படி மேலே போயிருந்தது.

"நீயும் இறங்கேன்," என்றார் குரு, அறவாழியிடம்.

"இப்ப வேண்டாம் சாமி."

"இடம் இருக்கு."

அறவாழி இறங்கிக் காத்தமுத்துவுக்குப் பக்கத்தில் படுத்தார். உடம்பு மிதந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. கைகளை விரித்தார், காலைத் தளர்த்தினார், தான் ஊருக்கெல்லாம் சொல்வதை ஒவ்வொன்றாகத் தனக்குச் சொல்லிக்கொண்டார். மூச்சு நிதானப்பட்டது. உண்மையாகவே நிதானப்பட்டது. தோள் ஒன்று எங்கோ கழன்று விலகியதுபோல் இருந்தது. இமை கனத்தது.

அப்போது பக்கத்தில் குறட்டை நின்றது.

ஏன் நின்றது? எழுந்துவிட்டானா? இல்லை, இதைவிட ஆழமான தூக்கத்துக்குப் போய்விட்டானா? அறவாழி தலையைத் தூக்கிப் பார்த்தார். தலை மேலே வந்ததும் இடுப்பு கீழே போயிற்று. இடுப்பைக் காப்பாற்றக் காலை உதைத்தார். அடியில் கிடந்த உப்புநீர் கிளம்பி வந்து முகத்தில் அறைந்தது.

"கண்ணு!"

குரு செம்பைக் கவிழ்த்தார். செம்பில் ஒன்றுமில்லை.

"கண்ணு, சாமி! கண்ணு!"

"டிரம்மில் இருக்கா?" என்றார் குரு.

அறவாழி பொறுக்க முடியாமல் கையால் கசக்கினார். பிறகு அலறினார்.

சத்தத்தில் காத்தமுத்து விழித்துக்கொண்டான். "அண்ணே, கையை எடுங்கண்ணே! கசக்காதீங்க!" குருவின் கையிலிருந்து செம்பைப் பிடுங்கினான். தன் பக்கத்துத் தண்ணீர் இன்னும் கலங்கவில்லை. செம்பின் வாயைப் படுக்கவைத்து, பாலில் ஆடை எடுப்பதுபோல் மேலாக மொண்டான். ஒரு கையால் அறவாழியின் பிடரியைத் தாங்கி, மறு கையால் ஊற்றினான். மறுபடி மொண்டான். மறுபடி ஊற்றினான்.

"தொறங்கண்ணே. பயப்படாதீங்க. நான் புடிச்சிருக்கேன்ல? நல்லாத் தொறங்க."

அறவாழி கண்ணைத் திறந்தார். மிக அருகில் காத்தமுத்துவின் முகம் தெரிந்தது.

"நல்லவேளை, மேல நல்ல தண்ணி கெடந்துச்சு," என்றான் காத்தமுத்து. "யாரு சாமி ஊத்துனது?"

"அறவாழிதான்," என்றார் குரு. "விடியக்காலையிலே இருந்து சுமந்தான்."

"இவ்வளவும் நீங்களா? எதுக்குண்ணே?"

"நீ வர்றேன்னுதான்," என்றார் குரு.

காத்தமுத்து அறவாழியின் முதுகைப் பார்த்தான். முதுகுவலிக்காரர் என்று அவனுக்குத் தெரியும். "எனக்காக யாரும் இப்படி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், சட்டையைத் தேடப் போனான்.

அறவாழி தொட்டியின் நடுவில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"சாமி, நான் அதுக்கு ஊத்தலை."

"தெரியும்."

"அவன் மூழ்கணும்னு ஊத்தினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தடுக்கலை?"

"முதுகு வலிக்குதுன்னு நீ ஒரு தடவைகூடச் சொல்லாம வேலை செஞ்சு நான் பார்த்ததில்லை. இன்னிக்குப் பார்த்துட்டிருந்தேன்."

அறவாழி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் எனக்கு வந்துது சாமி. தோள் கழண்டுது. கண் சொருகிச்சு. தூக்கம் இங்கே, கைக்கு எட்டுற தூரத்துல நின்னுது. ஏன் போயிடுச்சு?"

குரு காலிச் செம்பை விளிம்பில் கவிழ்த்து வைத்தார்.

"அவனைப் பார்த்துக்க நான் விளிம்புல இருந்தேன். உன்னைப் பார்த்துக்கவும் நான்தான் இருந்தேன். நீ யாருக்குக் காவல் இருந்தே?"

அறவாழி கரையேறி, காலி டிரம்களை வாசலுக்கு உருட்டினார்.

டிரம்கள் காலியாக இருந்ததால், அன்று வந்தவர்கள் யாரையும் தொட்டியில் இறக்க முடியவில்லை. காத்தமுத்து டிரம்களை லாரியில் ஏற்றி, அறவாழியையும் ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் தண்ணீர் பிடிக்கப் போனான். திரும்பி வரும்போது வண்டி குலுங்கியது, அறவாழியின் தலை காத்தமுத்துவின் தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது. வழியில் மாடுகள் படுத்திருந்தன. காத்தமுத்து ஹாரன் அடிக்காமல், அவை தாமாக எழுந்து போகும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தான். முழங்கால் வலிக்காரி காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.