வடிவு காய்ச்சின எண்ணெய்

ஒரு ஊர்ல ஒரு எண்ணெய்க் கடை. கடைன்னதும் பெருசா நெனச்சுக்காத. வீட்டு வாசல்ல ஒரு பலகை, பக்கத்துல ரெண்டு பானை, அளந்து ஊத்த ஒரு ஆழாக்கு, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னாடி செக்கு. மாடு சுத்தும், செக்கு கிரீச்... கிரீச்...னு கத்தும், எண்ணெய் சொட்டுச் சொட்டா இறங்கும். நீ 'ம்' கொட்டணும், தெரியுதா? கொட்டலேன்னா மாடு நின்னு போயிரும். ஆங், அப்படித்தான்.

அந்த வீட்டுல அம்மா பேரு ஆவுடையம்மா. பொண்ணு ரெண்டு பேரு. பெரியவ செண்பகம், சின்னவ வடிவு. அப்பாவும் இருந்தாரு, ஆனா அவருக்குச் செக்கும் மாடும்தான் உலகம். அவரை அங்கேயே விட்டுருவோம்.

இந்த வடிவு இருக்காளே, எண்ணெய் ஊத்துறதுல கெட்டிக்காரி. ஆழாக்கைச் சாய்ச்சான்னா எண்ணெய் நூல் மாதிரி இறங்கும். பாத்திரத்தோட வாய் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஒரு சொட்டு வெளிய போகாது. வாங்க வர்றவங்க, "வடிவு இல்லையா? அவளே ஊத்தட்டும்"னு கேட்டு வாங்குவாங்க. அவளுக்கும் அந்தப் பலகையில உக்காந்தாத்தான் பொழுது விடிஞ்ச மாதிரி. வர்றவங்க போறவங்க கிட்ட வாயடிச்சுக்கிட்டே ஊத்துவா.

அப்புறம் என்னாச்சு? தாவணி போட்ட வருஷம் அவ மூஞ்சியில ஒரு பரு வந்துச்சு. பொட்டு மாதிரி, மூக்குக்குப் பக்கத்துல. சும்மா விட்டாளா? நறுக்குனு கிள்ளுனா. அது போச்சு, பக்கத்துல ரெண்டு வந்துச்சு. அதையும் நறுக். நெத்தியில வந்துச்சு. நறுக் நறுக். கன்னமெல்லாம் செவசெவன்னு ஆகி, கிள்ளுன எடமெல்லாம் கறுப்புக் கறுப்பா நின்னு போச்சு. பரு வர்றது ஒண்ணும் தப்பில்ல, கண்ணு. வயசு வந்தா எல்லாருக்கும் வரும், உனக்கும் ஒரு நாள் வரும். சிரிக்காத.

ஒரு நாள் காலையில ஒரு அம்மா தூக்குச்சட்டியோட வந்தாங்க. வடிவு ஆழாக்கைச் சாய்க்கப் போனா. அந்தம்மா எண்ணெயைப் பாத்தாங்க, வடிவு மூஞ்சியைப் பாத்தாங்க, மறுபடி எண்ணெயைப் பாத்தாங்க.

"ஏன் ஆவுடையம்மா, உங்க வீட்டுலயும் இந்த எண்ணெயைத்தானே ஊத்திச் சமைக்கிறீங்க?"

"ஆமா, ஏன் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்"னு சொல்லிட்டு, எண்ணெய் வாங்காமலே தூக்குச்சட்டியை மூடிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க.

எண்ணெயாலதான் பரு வருதுன்னு ஊர்ல பேசிட்டா யாரு வாங்குவாங்கன்னு ஆவுடையம்மா யோசிச்சா. அவ பொல்லாத அம்மா இல்ல, பயந்த அம்மா. பயந்தவங்க சில நேரம் பொல்லாதவங்க செய்யறதையே செஞ்சு வச்சிருவாங்க. அன்னைக்கு மத்தியானம் வடிவைக் கூப்பிட்டு, "இனிமே செண்பகம் கடையில உக்காரட்டும். நீ உள்ள இரும்மா"ன்னு சொன்னா.

"எதுவரைக்கும்மா?"

"மூஞ்சி ஆறுற வரைக்கும்."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

அம்மா முறத்தை எடுத்துக்கிட்டு எள்ளுப் புடைக்கப் போயிட்டா.

ம்... கேக்குறியா? வடிவு கதவுக்குப் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பா. வெளிய செண்பகம் எண்ணெய் ஊத்துவா. களுக் களுக்குனு சிந்தும். "என்னம்மா இது, கையெல்லாம் பிசுபிசுங்குது"ன்னு வந்தவங்க கோவிச்சுக்குவாங்க. செண்பகம் பாவம், அவளுக்கு இந்த வேலையே ஆகாது, அவளுக்குக் கோலம் போட விட்டாப் போதும். அவ மூஞ்சி மட்டும் தேச்சு வச்ச குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு இருக்கும். வடிவுக்கு அக்கா மேலயே பொறாமையா வந்துச்சு. அக்கா தூங்கும்போது அந்தக் கன்னத்தை எட்டி எட்டிப் பாப்பா. பாத்துட்டு அழுவா.

அழுது அழுது, ஒரு நாள் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "எண்ணெய்க்காரர் வீட்டுல பொறந்துட்டு எனக்கு ஒரு எண்ணெய் காய்ச்சத் தெரியாதா?"ன்னு எழுந்துட்டா.

கொல்லையில, பருவுக்கு நல்லதுன்னு சொல்ற குப்பைமேனிச் செடி மண்டிக் கெடந்துச்சு. ஒரு கை பறிச்சு, அம்மியில தொவையல் மாதிரி அரைச்சு, தேங்காயெண்ணெயில போட்டு அடுப்புல வச்சா. சடசடசடன்னு கத்துச்சு. எண்ணெய் பச்சையா மாறுனதும், "ஆயிருச்சு ஆயிருச்சு"ன்னு எறக்கிட்டா. அது இன்னும் சடசடன்னு கத்திக்கிட்டே இருக்கு, இவ காதுல வாங்கல. ஆறவச்சு மூஞ்சி பூரா வழிய வழியப் பூசுனா. பூசிட்டு அப்படியே படுத்துட்டா. ரெண்டு மூணு நாள்ல எண்ணெய் ஊசிப் போயி நாத்தம் அடிச்சுது. மூஞ்சியோ, இருந்த பருவுக்கு மேல புதுப் பரு. கண்ணாடியைக் கவுத்து வச்சுட்டா.

அப்போ அவளுக்குக் கோவம் வந்துச்சு. யார் மேல? அவ மூஞ்சி மேலயே. "உன்னை என்ன பண்றேன் பாரு"ன்னு கெளம்பிட்டா. வேப்பிலை ஒரு கட்டு, பச்ச மஞ்சள், எலுமிச்சம்பழம், கருஞ்சீரகம், கையில கெடைச்சதையெல்லாம் எண்ணெயோட இருப்புச்சட்டியில போட்டு, அடுப்புல வெறகைத் தள்ளி, புகை வர்ற மட்டும் காய்ச்சுனா. புஸ்ஸு புஸ்ஸுன்னு பொங்குச்சு. கரியா வந்துச்சு எண்ணெய். "கசந்தாத்தான் மருந்து"ன்னு ஆறவச்சு எடுத்து மூஞ்சியில தேச்சா.

"ஐயோ... எரியுதே! அம்மா, எரியுதே!"

கெணத்தடிக்கு ஓடுனா. சளார் சளார்னு தண்ணியை மொண்டு மூஞ்சியில ஊத்துனா. ஆவுடையம்மா அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து, அவ தலையை மடியில வச்சுக்கிட்டு ஃபூ... ஃபூ...ன்னு ஊதுனா. அம்மா கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு அந்த மூஞ்சியிலயே விழுந்துச்சு. ஆனா "நீ கடைக்கு வாம்மா"ன்னு மட்டும் சொல்லல. அதுதான் வடிவுக்கு எரிச்சலை விட அதிகமா வலிச்சுது.

ம் சொல்லு... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மூஞ்சி வெந்து கெடக்குது, எதையும் பூச முடியாது. அதனால வடிவு சும்மா உக்காந்திருந்தா. கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? தானாவே கன்னத்துக்குப் போகும். அதுக்குத்தான் அவ எள்ளுல கல்லு பொறுக்க உக்காந்தா. ரெண்டு கைக்கும் வேலை. கிள்ளுறது தானா நின்னு போச்சு.

அப்படி உக்காந்திருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் செண்பகம் வெளக்கேத்துனா. அவ எப்பவும் பராக்குப் பாக்குறவ, ஈரக்கையோட திரியைத் திரிச்சுட்டா. வெளக்கு சடசட சடசடன்னு வெடிச்சுது.

"ஏண்டி அக்கா, திரியில தண்ணி பட்டுருச்சா?"

"ஆமாடி, கை ஈரம். காஞ்சா அடங்கிரும்."

எள்ளுல கல்லு பொறுக்கிக்கிட்டிருந்த வடிவு கை அப்படியே நின்னு போச்சு. முதல் தடவை எண்ணெய் ஏன் கத்துச்சுன்னு அவளுக்கு இப்பதான் புரிஞ்சுது. எலைச்சாறு உள்ள தண்ணியா இருந்திருக்கு. அது போறதுக்குள்ள எறக்கிட்டா, அதான் ஊசிப் போச்சு. ரெண்டாவது தடவை? சத்தம் அடங்கினதுக்கு அப்புறமும் விடாம எரிச்சு எண்ணெயைக் கருக்கிட்டா. ஒரு தடவை அவசரம், ஒரு தடவை ஆத்திரம். எண்ணெய் என்னமோ ரெண்டு தடவையும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு.

அப்புறம் மூஞ்சி ஆறுற வரைக்கும் பொறுத்தா. அதுக்கப்புறம் மூணாவது எண்ணெய் காய்ச்சுனா. செக்குல ஆட்டி, கசடு அடியில எறங்கி, மேல தெளிஞ்சு நின்ன நல்லெண்ணெய். குப்பைமேனி கொஞ்சூண்டு, வேப்பங்கொழுந்து கொஞ்சூண்டு, கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை. அடுப்புல தீயைச் சின்னதா வச்சு, பக்கத்துலயே காதைக் குடுத்து உக்காந்தா. சடசடசட. பொறுத்தா. சட... சட... இன்னும் பொறுத்தா. சட... அப்புறம் சத்தமே இல்ல. அடியில இருந்த சக்கையை எடுத்து வெரல்ல உருட்டுனா, மெழுகு மாதிரி திரண்டுச்சு. ஒரு காஞ்ச திரியை அதுல நனைச்சு ஏத்துனா. சத்தமே போடாம எரிஞ்சுது.

எறக்குனா, ஆறவச்சா, வெள்ளைத் துணியில வடிகட்டுனா. இந்தத் தடவை எடுத்த எடுப்புல மூஞ்சியில பூசிடல. முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு வச்சுட்டு, ஒரு நாள் முழுக்க எரியுதா அரிக்குதான்னு பாத்தா. ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் பயத்தமாவு போட்டு மூஞ்சியைக் கழுவி, ரெண்டே சொட்டு, பூ மேல தடவுற மாதிரி தடவுனா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கழுவிருவா. தெனமும் அப்படியே.

மாசம் போச்சு. புதுசா பரு வர்றது கொறைஞ்சுது. செவப்பு அடங்குச்சு. வடிவு அம்மா முன்னாடி போயி வெளிச்சத்துல நின்னா.

"ஆறிருச்சும்மா."

ஆவுடையம்மா அவ தாடையைப் பிடிச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பாத்தா. "ஆறிருச்சுதான். ஆனா தழும்பு இருக்கேம்மா. அதுவும் மறையட்டும்."

வடிவு உள்ள போயி கதவுக்குப் பின்னால உக்காந்துட்டா.

ஆனா அந்த அம்மா வியாபாரக்காரி இல்லையா? எண்ணெய் நல்லாயிருக்குன்னு தெரிஞ்சதும் சின்னச் சின்னக் குப்பியில ஊத்தி, பலகையில வரிசையா வச்சா. "யாரு தேச்சுப் பாத்ததுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லு"ன்னு செண்பகத்துக்குச் சொல்லிக் குடுத்தா. அம்மாவும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா.

முதல்ல ஒரு பொண்ணு வந்துச்சு. கன்னத்துல பரு. "இதை யாரு தேச்சுப் பாத்தா?"

"நான்தான்"னு சொன்னா செண்பகம்.

அந்தப் பொண்ணு செண்பகத்தோட பளபள மூஞ்சியைப் பாத்துச்சு. "உனக்கு எப்போ பரு வந்துச்சு? நான் பாத்ததே இல்லையே"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிருச்சு. இன்னொரு பொண்ணு வந்துச்சு. அதுவும் அதையேதான் கேட்டுச்சு, அதுவும் போயிருச்சு.

மூணாவதா வந்தவ பேரு கோமு. பக்கத்துத் தெரு. தாவணியைத் தலையோட இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டு வந்தா, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. குப்பியை எடுத்தா, வச்சா, மறுபடி எடுத்தா.

"அத்தை, நான் ஏற்கெனவே எதையோ தேச்சு மூஞ்சி வெந்து போச்சு. எனக்குப் பயமா இருக்கு. என்னை மாதிரி மூஞ்சி இருந்து, இதைத் தேச்சு ஆறுனவங்க யாராச்சும் இருந்தா காட்டுங்க. பாத்துட்டு வாங்கிக்கறேன்."

செண்பகம் அம்மாவைப் பாத்தா. அம்மா கோமுவைப் பாத்தா.

"ஏம்மா மூஞ்சியை இப்படி மூடியிருக்க?"

"எங்கம்மா மூடிக்கச் சொன்னாங்க அத்தை. பாக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்களாம்."

அவ்வளவுதான். ஆவுடையம்மாவுக்கு யாரோ பொளேர்னு கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் திரும்பிக் கூப்பிட்டா.

"வடிவு, வெளிய வாம்மா."

கதவுக்குப் பின்னால இருந்து சத்தம் வந்துச்சு. "தழும்பு இருக்கேம்மா."

"இருக்கட்டும்டி."

"எண்ணெய் விக்கிறதுக்காகக் கூப்பிடுறியா?"

ஆவுடையம்மா எந்திரிச்சு, கதவைத் தள்ளி, மகளோட கையைப் பிடிச்சா. "எண்ணெய் வித்தாலும் சரி, விக்காம மண்ணாப் போனாலும் சரி. உன்னை நான் உள்ள வச்சிருக்கக் கூடாது. வந்து உன் எடத்துல உக்காரு"ன்னா. செண்பகம் எந்திரிச்ச வேகத்தைப் பாக்கணுமே! "அப்பாடா"ன்னு ஒரே ஓட்டம், கோலப்பொடி டப்பாவைத் தேடிக்கிட்டு.

வடிவு வந்து பலகையில உக்காந்தா. மேல வெயில் பட்டுச்சு. மூஞ்சியில ஒவ்வொரு தழும்பும் தெரிஞ்சுது. கோமு கிட்ட வந்து குனிஞ்சு, மெதுவா, கன்னம், நெத்தி, மூக்குப் பக்கம்னு ஒவ்வொண்ணா பாத்தா. வேற யாராச்சும் அப்படிப் பாத்திருந்தா வடிவு தலையைக் குனிஞ்சிருப்பா. கோமுவுக்குக் காட்டுனா.

"ரொம்ப இருந்துச்சோ?"

"ரொம்ப. கிள்ளிக் கிள்ளி நானே பாதி பண்ணேன். நீ கிள்ளாத. முதல்ல கையில ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாரு. எரிஞ்சா தூக்கி எறிஞ்சுரு. எரியலேன்னா ரெண்டே சொட்டு, அதுக்கு மேல வேண்டாம்."

கோமு தாவணியைக் கொஞ்சம் எறக்குனா. "தழும்பு போயிருமா?"

போயிரும்னு சொன்னா குப்பி வித்துரும்னு அவளுக்குத் தெரியும். அவ அம்மாவுக்கும் தெரியும்.

"தெரியலையே கோமு. எனக்கு இன்னும் போகல. போகுமோ போகாதோ. நான் வெளிய வந்துட்டேன், பாரு."

கோமு ஒரு குப்பியை எடுத்துக்கிட்டா. தாவணியைத் தலையில இருந்து எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. நாலு வீடு தாண்டுனதும் எதிர்ல ஆள் வர்றதைப் பாத்து மறுபடி இழுத்து மூடிக்கிட்டா. கொஞ்ச தூரம் போனா. தெரு முக்குல நின்னா. நின்னு, மூடுனதை எடுத்துட்டுப் போனா.

அவ்வளவுதான்டா கண்ணு. கோமு வீட்டுக்குப் போயிட்டா, கதையும் கூடவே போயிருச்சு. நீ கண்ணை மூடு.