மூடாத தட்டு

பேராசிரியர் ஞானதிரவியத்தின் ஆய்வகத்தில் எதையும் திறந்து வைக்கக் கூடாது. தூசி விழுந்தால் எல்லாம் பாழ் என்பார். புற ஊதா விளக்கின் கீழ் வைக்கும் வைரஸ் தட்டுக்குக்கூட மூடி உண்டு. கதிரைத் தடுக்காத தனி ரகக் கண்ணாடி என்று அவரே தேடி வாங்கிய மூடி.

அந்தக் கதிருக்கும் சாகாத வைரஸைக் கண்டுபிடித்தவர் என்று அவருக்குப் பெயர். முப்பது ஆண்டுகளாக வந்த மாணவர்கள் எல்லோரும் சமர்த்தாக மூடி போட்டார்கள். வைரஸும் சமர்த்தாகப் பிழைத்துக்கொண்டது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் பாராட்டு விழா.

ஷமீமா, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாற்பது வயதுக்கு மேல் அவரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவள். மறதிக்காரி. செவ்வாய்க்கிழமை அவர் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சார், மூடி போட மறந்துட்டேன்."

"தூக்கிப் போட்டுட்டுத் திரும்பச் செய்ம்மா."

"செஞ்சேன் சார். வேணும்னே மூடாம. ரெண்டு தடவையும் ஒரு வைரஸ்கூடத் தப்பலை."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று ஷமீமா நினைத்தாள். அவளுடைய பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது.

அவர் எழுந்து ஆய்வகத்துக்கு வந்தார். கதிரை அளக்கும் கருவியை விளக்கின் கீழ் வைத்தார். முள் விறுவிறுவென்று ஏறியது. கருவியின் மேல் அந்த மூடியை வைத்தார். முள் கீழே விழுந்தது. மூன்று முறை எடுத்தும் வைத்தும் பார்த்தார்.

"சாதாரணக் கண்ணாடி," என்றார். "கதிர் தட்டுக்குள்ள போகவே இல்லை. நான் ஒருநாளும் அளந்து பாக்கலைம்மா."

"நான் யார்கிட்டயும் சொல்லலை சார்."

"ஏன்?"

"முப்பது வருஷ உழைப்பு சார்."

"அது வைரஸுக்குத் தெரியாதே."

அவர் ஒரு தாளை எடுத்து, தம் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு எழுதினார். முடிவு தவறு, தவற்றைக் கண்டறிந்தவர் ஷமீமா. எழுதி முடித்துக் கையெழுத்திட்டு, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டுத் தாளை நீட்டினார்.

ஷமீமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒருவரிடம் வந்து சேர்ந்தது தன் பாக்கியம் என்றே நினைத்தாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை விழாவை நிறுத்தச் சொல்லிடவா சார்?"

"எதுக்கு? நடக்கட்டும்மா. உனக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு மேடை வேணாமா?"